முகப்பு மேசையில் மூடாத பக்கங்கள்

மூடு என்றால் மூட வேண்டும். ஒரு மென்பொருளிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். திறக்க நேரம் எடுக்கட்டும், நடுவில் கொஞ்சம் மக்கர் பண்ணட்டும், பொறுத்துக்கொள்வேன். வலது மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தியதும் திரையிலிருந்து மறைந்துவிட்டு, உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற ரகத்தை மட்டும் எனக்குப் பிடிக்காது.

காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒரு ஷட்டர், ஒரு மேசை, பிரித்துப் போட்ட சிபியூக்கள். பாதி நாள் ஷட்டர் இறங்கித்தான் இருக்கும். நான் ஸ்கூட்டரில் ஏதாவது ஒரு மருந்துக்கடைக்கோ அச்சகத்துக்கோ போய்க்கொண்டிருப்பேன். எனக்கு முன்கோபம் உண்டு. ஆட்களிடம் காட்ட முடியாததால் பொருட்களிடம் காட்டுவேன். சரியாக மூடாத டிபன் பாக்ஸ், பாதியில் நிற்கும் ஜிப், இதெல்லாம் எனக்கு ஆகாது. வீட்டு வாசல் கதவும் அப்படித்தான். நான் வேலை முடிந்து எப்போது வந்தாலும் அது ஒருக்களித்துக் கிடக்கும். தெரு நாய் உள்ளே வராதா என்று மனைவியிடம் கத்தியிருக்கிறேன். தாழ்ப்பாள்தான் சரியில்லை போல என்று நானே ஒரு புதுத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டினேன். அப்புறமும் ஒருக்களித்துத்தான் கிடந்தது. சரி, சிலருக்குச் சொன்னால் ஏறாது என்று விட்டுவிட்டேன்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக நடத்துகிறார்கள். அதன் கம்ப்யூட்டர் வேலைகள் முழுக்க என்னுடையவை. வீட்டின் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். நகரத்தார் வீட்டுப் பெண்களை வயது பார்க்காமல் ஆச்சி என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவோம். இந்த ஆச்சி என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான். எதையும் சுருக்கமாகப் பேசுவார். சென்னையிலிருந்தபடியே எந்த அறையில் குழாய் ஒழுகுகிறது என்பது வரை தெரிந்து வைத்திருப்பார்.

முகப்பில், உள்ளே நுழைந்ததும் வலது பக்கம், வரவேற்பு மேசை. அதில் உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் அக்கா என்போம். கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பம். இந்த ஓட்டலில் அறை சுத்தம் செய்யத்தான் முதலில் சேர்ந்தார். படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவர், முகப்பில் ஆள் இல்லாத நாட்களில் போனை எடுத்துப் பேசிப் பழகி, பிறகு தட்டச்சு பழகி, அப்படியே அந்த மேசைக்கு வந்துவிட்டார். நல்லவேளையாக வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குள் முட்டி போய்விட்டது. அந்த வீட்டு மாடிப்படி செங்குத்தானது. அக்காவால் அதில் ஒருதரம் ஏறி இறங்கினாலே அன்றைக்கு எழுந்து நடக்க முடியாது. எனவே அந்த நாற்காலிதான் அவருக்கு வேலை. நாற்காலி போனால் வேலை போனது மாதிரிதான். இது எனக்கும் தெரியும், ஆச்சிக்கும் தெரியும்.

கோளாறு தொடங்கியது ஒரு மழைக்கால சீசனில். அறைப் பதிவு மென்பொருள் சாயங்காலம் மூடவில்லை. பெருக்கல் குறியை அழுத்தினால் திரை காலியாகும். மூடிவிட்டது என்று எல்லாரும் நினைப்பார்கள். காலையில் திறந்தால், ‘ஏற்கெனவே திறந்திருக்கிறது’ என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். இதிலென்ன பெரிய நட்டம் என்றால், மூடும்போதுதான் அந்த மென்பொருள் அன்றைய விவரங்களைச் சென்னைக்கு அனுப்பும். மூடாவிட்டால் ஆச்சிக்கு எதுவும் போகாது. அப்படிப் போகாத ஒரு நாளில், இங்கே ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஓர் அறையை அவர் அங்கிருந்து இன்னொரு தம்பதிக்குக் கொடுத்துவிட்டார். வந்தவர்கள் பெட்டியோடு முகப்பில் நின்று சத்தம் போட்டார்கள். அக்கா அவர்களுக்கு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொடுத்து உட்கார வைத்து, பக்கத்துத் தெருவில் இன்னொரு ஓட்டலில் அறை பிடித்துக் கொடுத்தார்.

மறுநாள் ஆச்சி எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, அது என்ன ஏதுன்னு பாருங்க. அடுத்த வாரம் நானே வாரேன். அதுக்குள்ள சரியாகலன்னா சென்னையில ஒரு கம்பெனி சொல்லி வச்சிருக்கேன். எல்லாம் ஆன்லைன்லயே ஓடுமாம். முகப்புக்கு ஆளும் அவுகளே போட்டுத் தாராக.”

“அக்கா?” என்றேன்.

“பழையபடி ரூம் வேலை பாக்கட்டும். நான் என்ன செய்ய?”

எனக்கு ஆச்சி மேல் வருத்தம் வரவில்லை. ஓட்டல் நடத்துகிறவர் அப்படித்தான் யோசிப்பார். கோபமெல்லாம் அந்த மென்பொருள் மேல்தான்.

கோட்டையூர், பள்ளத்தூர் தாண்டி மறுநாளே போனேன். போனதும் நான் செய்கிற முதல் காரியம் எப்போதும் ஒன்றுதான். உள்ளே எது ஓடிக்கொண்டிருந்தாலும் அதை வலுக்கட்டாயமாக நிறுத்துவது. மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினால் ஓடுகிறவற்றின் பட்டியல் வரும். அதில் அந்த மென்பொருளைத் தேர்ந்து நிறுத்திவிடுவேன். பிறகு புதிதாகத் திறந்து, ஒரு பக்கத்தைப் பார்த்து, மூடினேன். ஒழுங்காக மூடியது. மறுபடி திறந்தேன், மூடினேன். மூடியது. எத்தனை முறை செய்தாலும் சமர்த்தாக மூடியது. பல்வலி என்று வைத்தியரிடம் போனால் அங்கே வலிக்காதே, அந்த மாதிரி.

“இப்ப நல்லாத்தானே இருக்குக்கா?”

“நீங்க இருக்கைல நல்லாத்தான் இருக்கு தம்பி. அங்குட்டு நீங்க போனப்புறந்தான் அது வேலையக் காட்டும்.”

பிரிண்டர்மேல் சந்தேகப்பட்டு அதன் டிரைவர் மென்பொருளை மாற்றினேன். வைரஸ் தடுப்பானை நீக்கிவிட்டு வேறு போட்டேன். விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தால், எல்லா இடத்திலும் நன்றாகத்தான் ஓடுகிறது, உங்கள் கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்றார்கள். இது அவர்கள் வழக்கமாகச் சொல்வது. நானும் என் வாடிக்கையாளர்களிடம் மென்பொருளில்தான் கோளாறு என்று வழக்கமாகச் சொல்வேன். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். என் கண் முன்னால் மூடியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நான் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புகிற ஆள் இல்லை. வேலை முடிந்தது, பையை எடுத்தோம், நடந்தோம் என்று இருப்பேன். அக்கா பின்னாலேயே வாசல் வரை வருவார். “பாத்துப் போங்க தம்பி. போனதும் ஒரு போன் போடுங்க” என்பார். நான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தலையாட்டுவேன். போன் போட்டதில்லை. இதெல்லாம் பேச்சுக்குச் சொல்வதுதானே.

மறுநாள் காலையில் மறுபடியும் மூடவில்லை என்று போன் வந்தது.

அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது. நேராகப் போய், யாரோடும் பேசாமல், முதல் வேலையாக ஓடுவதை நிறுத்தினேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயெடுத்தார். நான் மும்முரமாக இருந்ததைப் பார்த்து விட்டுவிட்டார். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். முட்டி வலிக்கிறவரை நிற்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆச்சி வருவதற்கு முந்தின நாள் காலையிலேயே போய்விட்டேன். இந்தமுறை எதையும் தொடக்கூடாது, அன்று முழுக்க உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது என்று தீர்மானித்திருந்தேன். உண்மையைச் சொன்னால், செய்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. நான் போன நேரம் ஒரு குடும்பம் அறையைக் காலி செய்துகொண்டிருந்தது. மதுரைக்குப் போய் விமானம் ஏறுகிறவர்கள். மேசையில் அக்கா இருந்ததால், எதிரே விருந்தினர் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து திரை கொஞ்சம் சாய்வாகத் தெரிந்தது.

அக்கா பில் போட்டுக் கொடுத்தார். அவர்களோடு வாசல் வரை நடந்து போனார். கார் புறப்பட்டதும், “போயிட்டு வாங்க, போனதும் ஒரு போன் போடுங்க” என்றார். வாட்ச்மேன் உடனே கேட்டைச் சாத்தினான். அக்கா மெதுவாக நடந்து வந்து உட்கார்ந்து, அந்தக் குடும்பத்தின் பக்கத்தைத் திறந்து, குறிப்பு என்று இருந்த இடத்தில் ஏதோ ஒரு வார்த்தை அடித்தார். பிறகு பக்கத்தை மூடவில்லை. பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் கழித்தல் குறி இருக்கிறதல்லவா, அதை அழுத்தினார். பக்கம் சுருங்கிக் கீழே ஒரு சின்னப் பட்டையாக ஒதுங்கிக்கொண்டது.

எழுந்து போய்ப் பார்த்தேன். கீழே அதுபோல வரிசையாகப் பட்டைகள் நின்றன.

“இதெல்லாம் என்னக்கா?”

“போனவுக தம்பி.”

“போனவுக பக்கத்த ஏன் மூடாம வச்சிருக்கீக?”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது மாதிரி.

“போன ஒடனே எப்படித் தம்பி சாத்துறது?”

அவர் சொன்னது புரியாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் யாராவது ஊருக்குக் கிளம்பிப் போனால் உடனே வாசலைக் கூட்டமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தமாட்டார்கள். தெருமுனை திரும்புகிற வரைக்குமாவது திறந்து கிடக்கும். சில வீடுகளில், போனவர் ஊர் சேர்ந்த தகவல் வரும்வரை கதவுக்குத் தாழ் போடமாட்டார்கள். என் அம்மா செய்து பார்த்திருக்கிறேன். இதைக் கம்ப்யூட்டருக்கும் ஒருவர் செய்வார் என்று மட்டும் எனக்குத் தோன்றியதில்லை.

“இந்த சீசன்லருந்து வாட்ச்மேன் கார் வெளிய போன ஒடனே கேட்டச் சாத்திர்றான். ஏசி வீணாப் போகுதுன்னு கதவையும் சாத்திர்றாக. அதான் இதையாச்சும் தொறந்து வப்பமேன்னு” என்றார் அக்கா.

ஒரு பட்டையைத் திறந்து பார்த்தேன். குறிப்பில் ‘போயிருக்காக’ என்று இருந்தது. இன்னொன்று. ‘போயிருக்காக’. எல்லாவற்றிலும் அதே வார்த்தை. போனவர்கள் வீடு சேர்ந்துவிட்டதாகச் சொன்னதும் அதை அழித்துவிட்டு, ‘வீடு சேர்ந்தாச்சு’ என்று அடித்து, சேமித்து, மூடுவாராம். மதுரை, கோயமுத்தூர்க்காரர்கள் அன்றைக்கே பேசிவிடுவார்களாம். வடக்கே இருந்து வருகிறவர்கள் ஒரு படம் அனுப்புவார்களாம்.

“வெள்ளைக்காரவுக?”

“அவுக எங்க பேச? சிரிச்சுட்டுப் போயிருவாக. கொஞ்ச நாளு பாப்பேன். அப்புறம் பிள்ளையாரக் கும்பிட்டுட்டு மூடிருவேன்.”

“நான்தான் தெனமும் வந்து எல்லாத்தையும் நிறுத்திர்றேனே. அப்ப இதெல்லாம் போயிருக்கணுமே?”

“ஆமா, நீங்க சாத்திச் சாத்திட்டுப் போயிர்றீக. யாரு யாருன்னு ஞாபகம் வச்சு நாந்தான் மறுபடி மறுபடி தொறந்து வக்கிறேன்.” குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் துணியை எடுத்து வைக்கிற மாதிரி, அதுவும் அவருக்கு ஒரு வேலை.

கோளாறு அப்போதே விளங்கிவிட்டது. எழுதி, சேமிக்காமல் சுருக்கி வைத்த பக்கங்கள். சாயங்காலம் மென்பொருளை மூடும்போது அது ஒவ்வொரு பக்கமாகப் போய், இதைச் சேமிக்கவா வேண்டாமா என்று கேட்கிறது. பக்கம் சுருங்கிக் கிடப்பதால் கேள்வி அதற்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. யாரும் பார்க்கவில்லை, யாரும் பதில் சொல்லவில்லை. பதில் வராமல் அதனால் போக முடியாது. நான் போய் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதால், எனக்கு அந்தப் பட்டைகள் ஒருநாளும் கண்ணில் படவில்லை.

இதை அக்காவுக்குச் சொன்னேன்.

“பதில் சொல்ற வரைக்கும் போகாதுக்கா. உள்ளயே நிக்கும்.”

“அடப் பாவமே. ராப்பூராவுமா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கவலையும் வந்தது. ஆச்சியிடம் என்ன சொல்வது? கோளாறு மென்பொருளிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை, முகப்பில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தை மூடாமல் வைத்திருந்தார் என்று சொன்னால் கதை அங்கேயே முடிந்தது. சென்னைக் கம்பெனிக்கு அதைவிட நல்ல சிபாரிசு வேண்டாம்.

முதலில் வேலையைச் சரி செய்வோம் என்று, அக்காவோடு உட்கார்ந்து யோசித்தேன். நான் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டேன், அவர் நாற்காலியிலேயே இருந்தார். குறிப்பு எழுதலாம், ஆனால் உடனே சேமித்து மூடிவிட வேண்டும். அப்படியானால் யார் இன்னும் வீடு சேரவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் சாவிப் பலகை இருந்தது. ஒவ்வோர் ஆணியிலும் ஓர் அறைச் சாவி, அதில் எண் பொறித்த பித்தளை வில்லை. போனவர்களின் சாவியை எண் தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டுங்கள், வீடு சேர்ந்த தகவல் வந்ததும் நேராக மாட்டுங்கள் என்றேன். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அப்போதே எழுந்து இன்னும் தகவல் வராதவர்களின் அறைச் சாவியையெல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பினார். திரையிலிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாகச் சேமித்து மூடினார். மென்பொருளை மூடச் சொன்னேன். மூடியது. உள்ளே ஓடுகிறவற்றின் பட்டியலிலும் அது இல்லை.

அந்தத் திருப்தியிலேயே ஆச்சிக்குப் போன் செய்து, சரியாகிவிட்டது, நாளைக் காலையில் நீங்களே பாருங்கள் என்றேன். என்ன கோளாறு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வழக்கம்போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அக்கா வழக்கம்போல வாசல் வரை வந்தார்.

மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆச்சிதான். ரயிலில் வந்து இறங்கி, முகப்பு மேசையில் உட்கார்ந்து அவரே திறந்து பார்த்திருக்கிறார்.

“தம்பி, ஏற்கெனவே தொறந்திருக்குன்னு சொல்லுது. நேத்து சரியாகிருச்சுன்னீக?”

எப்படி வண்டி ஓட்டிப் போனேன் என்று தெரியாது. பள்ளத்தூரில் யாரோ திட்டினார்கள். போய்ச் சேர்ந்தபோது ஆச்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் செத்துப் போயிருந்தது. நேற்று மட்டும் நான் பெருமையடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒருநாள் தவணையாவது கேட்டிருக்கலாம்.

ஆச்சி எழுந்து இடம் கொடுத்தார். கை தானாக அந்த மூன்று விசைகளுக்குப் போனது. நிறுத்திக்கொண்டேன். அதைச் செய்யாமல், மறைந்திருந்த திரையை மேலே கொண்டு வந்தேன். கீழே ஒரே ஒரு பட்டை. அதைத் திறந்தேன்.

அது விருந்தினர் பக்கம் இல்லை. எலக்ட்ரீசியன், பிளம்பர் என்று வேலைக்கு வருகிறவர்களைப் பதிவதற்கான பக்கம். யார் வந்து போனாலும் பதிய வேண்டும் என்பது ஆச்சியே போட்ட சட்டம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சிஸ்டம் தம்பி’ என்றிருந்தது. ஊர், காரைக்குடி. குறிப்பில், ‘போயிருக்காக’. அதன் பின்னாலிருந்து, சேமிக்கவா என்ற கேள்வி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஆச்சி என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

“இத மூடாமப் போனது யாரு?”

அக்கா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“நான்தான் ஆச்சி.”

அது பொய் இல்லை, போனது நான்தானே. ஆனால் அக்கா விடவில்லை. தப்பைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு அவசரம்.

“தம்பி மேல குத்தமில்ல ஆச்சி. நாந்தான் தொறந்து வச்சேன். எல்லாருக்கும் சாவி இருக்கு, திருப்பி மாட்டிட்டேன். தம்பிக்குச் சாவி இல்லயே. தெனமும் இந்த ரோட்டுல லாரிக்கு நடுவுல போறாக. போன் போடுங்கன்னு தெனமுந்தான் சொல்றேன். ஒரு நா கூடப் போட்டதில்ல. அதான் இத மட்டும் மூட மனசு வரல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் நான் சரி செய்துவிட்டுக் கிளம்பியதும் அவர் என் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். மற்றவர்களுடையது ஏதோ ஒரு நாளில் மூடும். என்னுடையது மூட வழியே இல்லை. தினமும் கோளாறை நானே கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுநாள் வந்து நானே தேடியிருக்கிறேன். எனக்கு ரொம்பக் கூச்சமாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விசைப்பலகையைப் பார்த்தேன்.

ஆச்சி சாவிப் பலகையைப் பார்த்தார். பாதிச் சாவிகள் சுவரைப் பார்த்துத் தொங்கின. என்ன இது என்று கேட்டார். அக்கா ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். நான் மறைக்க நினைத்த அத்தனையையும், பிள்ளையாரைக் கும்பிட்டு மூடுவது வரை. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஆச்சி திருப்பியிருந்த ஒரு சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்.

“நான் போறப்பவுமா?”

“நீங்க போறப்பவும் ஒரு பக்கம் போட்டு வப்பேன் ஆச்சி. நீங்கதான் ஸ்டேசன்ல எறங்குன ஒடனே பேசிருவீகளே. ஒடனே மூடிருவேன்.”

ஆச்சி திரும்பி என்னைப் பார்த்தார். அவர் அவ்வளவு கோபமாக நான் பார்த்ததே இல்லை.

“ஏன் தம்பி, ஒரு போன் பண்ணினா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகும்?”

என் பக்கத்தைச் சேமித்து மூடினேன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சென்னைக் கம்பெனியைப் பற்றி ஆச்சி அன்று வாயே திறக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு வந்தவர், பூட்டிக் கிடக்கிற பின்கட்டு அறை ஒன்றின் பழைய இரும்புச் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “இத அந்த ஓரத்து ஆணியில மாட்டுங்க. இது தம்பி சாவி” என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அக்கா கையை நீட்டி அதை மாட்டினார். ஆச்சி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பலகைய இன்னும் கொஞ்சம் கீழ எறக்கி அடிக்கச் சொல்லணும். ஒவ்வொரு தடவையும் எந்திரிக்க வேண்டாம்” என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அக்கா அந்த இடத்திலேயே இருப்பார்.

சாயங்காலம் கிளம்பும்போது, “போயிட்டு வாரேன்க்கா” என்றேன். சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் யாருடையதோ போலக் கேட்டது. ஊர் வந்ததும், வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே போனைக் காதில் சொருகிக்கொண்டு பேசினேன்.

“அக்கா, வந்துட்டேன்.”

“வந்துட்டீகளா? சரி தம்பி.”

இரும்புச் சாவி பலகையில் இடித்துத் திரும்புகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் போனேன். வாசல் கதவு வழக்கம்போல ஒருக்களித்துக் கிடந்தது. தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். நான் மாட்டியதுதான், ஒரு பழுதும் இல்லை. காலையில் கடைக்குக் கிளம்பியபோதும் நான் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே நின்றேன்.

“வந்துட்டேன்” என்று உள்ளே பார்த்துச் சொன்னேன்.

மனைவி அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். என்ன புதிதாக இருக்கிறதே என்பது போல ஒருமுறை பார்த்தாள். என்னைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.